மெர்ஜர்: இணைப்பா, ஒன்றாக்கமா?

2013 ஏப்ரல் 1 அன்று ஸ்காட்லாந்தின் 8 வட்டாரக் காவல் படைகளும் இல்லாமல் போயின. ஸ்ட்ராத்கிளைடு, ஃபைஃப், டேசைடு, கிராம்பியன் என்று தனித்தனிப் பெயரோடு இருந்தவை 'போலீஸ் ஸ்காட்லாந்து' என்ற ஒரே படையாயின. இதற்கு ஆங்கிலச் சொல் மெர்ஜர். தமிழில் எழுத உட்கார்ந்தால் சட்டென்று கைக்கு வருவது 'இணைப்பு'. இந்த இடத்தில் அது பிழை என்றே சொல்வேன்.

இணை என்றால் சோடி. இணைத்த பிறகும் இரண்டும் இரண்டாகவே இருக்கும். ரயில் பெட்டிகளை இணைக்கிறோம், அப்புறம் கழற்றுகிறோம். பணம் கட்டாவிட்டால் மின் இணைப்பைத் துண்டிக்கிறார்கள். விண்ணப்பத்தின் அடியில் 'இணைப்பு: சான்றிதழ் நகல்' என்று எழுதுகிறோமே, அதுவும் தனித்தாள்தான்.

சரி, 'ஒருங்கிணைப்பு'? அது அவரவர் இடத்தில் இருந்துகொண்டே சேர்ந்து வேலை செய்வது. 8 படைகளும் அப்படியே இருந்து, தகவலை மட்டும் பகிர்ந்துகொண்டிருந்தால் அந்தச் சொல் பொருந்தியிருக்கும்.

மெர்ஜரின் வேர் லத்தீன் மொழியின் 'மெர்கெரே'. அதற்கு முக்குதல், மூழ்கடித்தல் என்று பொருள். ஆங்கிலச் சட்டத்தில், சிறிய உரிமை பெரிய உரிமைக்குள் அடங்கி மறைவதை இது குறித்தது. சேர்வதைவிட மறைவதுதான் இந்தச் சொல்லில் அழுத்தமாக இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் அப்படி மறைந்தவற்றில் உள்ளூர்க் கட்டுப்பாட்டு அறைகளும் உண்டு. ஸ்டெர்லிங்கில் இருந்தது மூடப்பட்டு, அழைப்புகள் எடின்பரோ அருகே பில்ஸ்டன் கிளெனுக்குப் போயின. 2015 ஜூலை 5 அன்று, ஸ்டெர்லிங் அருகே எம்9 நெடுஞ்சாலையோரச் சரிவில் ஒரு கார் கிடப்பதாக ஒருவர் போன் செய்தார். அழைப்பை எடுத்தவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார், கணினியில் ஏறவில்லை. 3 நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது ஒருவர் இறந்திருந்தார், உயிரோடு மீட்கப்பட்டவரும் பிறகு மருத்துவமனையில் இறந்தார். 2021இல் காவல் படை நீதிமன்றத்தில் தவற்றை ஒப்புக்கொண்டது. 1,00,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. இந்தச் செய்தியைப் படித்த பிறகு 'இணைப்பு' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒன்று, ஆக்கம் இரண்டும் சேர்ந்த 'ஒன்றாக்கம்' சரியாக அமைகிறது. பல இருந்தன, இனி ஒன்றுதான் என்று அது ஒளிக்காமல் சொல்கிறது. 'ஒன்றிணைப்பு' பரவாயில்லை, ஆனால் அதற்குள்ளும் இணை உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று: மாநிலம் முழுக்க ஒரே காவல் துறையைப் பார்த்துப் பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு 'காவல் துறைகள்' என்ற பன்மை இடறும். ஆகவே 'ஸ்காட்லாந்து காவல் படைகள் ஒன்றாக்கம்' என்று எழுதலாம்.