கப்பலே பிரதிவாதி: உயர் நீதிமன்ற ஏலம் எப்படி நடக்கிறது?

சென்னைத் துறைமுகத்துக்கு வரும் ஒரு சரக்குக் கப்பலின் உரிமையாளர் ஒரு நாட்டில் பதிவான நிறுவனமாகவும், அது பறக்கவிடும் கொடி இன்னொரு நாட்டினுடையதாகவும், அடமானம் பிடித்த வங்கி வேறெங்கோ இருப்பதாகவும் அமைவது சாதாரணம். அந்தக் கப்பலுக்கு எரிபொருள் கொடுத்த உள்ளூர் வணிகருக்குப் பணம் வராவிட்டால், அவர் யார் மீது, எந்த ஊரில் வழக்குத் தொடுப்பது? நோட்டீஸ் போய்ச் சேர்வதற்குள் கப்பல் சரக்கை இறக்கிவிட்டுச் சிங்கப்பூரைத் தாண்டியிருக்கும். கடல்சார் சட்டம் இதற்குக் கண்ட வழி, கப்பலையே பிரதிவாதியாக்குவது.

பிரிட்டிஷ் காலத்துச் சட்டங்களை நீக்கிவிட்டு, 2017ஆம் ஆண்டின் அட்மிரால்டி (கடல்சார் வழக்குகள்) சட்டம் 2018 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது. சென்னை, மும்பை, கொல்கத்தா உள்ளிட்ட கடலோர உயர் நீதிமன்றங்கள், தங்கள் எல்லைக்குட்பட்ட கடற்பரப்பில் நிற்கும் கப்பலைக் கைது செய்ய இச்சட்டப்படி உத்தரவிடலாம். (துறைமுகத்துக்கு எதிரே நிற்கும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கோபுரமே 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் இருந்தது.) கைது உத்தரவின் நகல் கப்பலில் ஒட்டப்படும், துறைமுக நிர்வாகத்துக்கும் சுங்கத் துறைக்கும் தகவல் போகும். புறப்பாட்டு அனுமதி கிடைக்காததால் கப்பல் நின்ற இடத்திலேயே நிற்கும். கைது தவறென்று பின்னர் தீர்ப்பானால் இழப்பீடு தருவதாக வழக்குத் தொடுத்தவரும் உறுதிமொழி கொடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் உரிமையாளர் வங்கி உத்தரவாதம் கட்டிக் கப்பலை மீட்டுவிடுவார். அதன்பின் வழக்கு அந்த உத்தரவாதத்தின் மீது நடக்கும்.

உரிமையாளர் கைவிட்டுவிடும்போதுதான் ஏலம் வருகிறது. நிலத்தை ஜப்தி செய்தால் அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். கப்பலோ நாளுக்கு நாள் தேய்கிறது. விளக்கெரியவும் சமைக்கவும் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், குடிநீர் வேண்டும், அடிப்பகுதியில் சிப்பியும் பாசியும் படிகின்றன, துறைமுகக் கட்டணமும் சம்பள நிலுவையும் ஏறிக்கொண்டே போகின்றன. கப்பலைப் பாதுகாக்கக் குறைந்தபட்ச ஆட்கள் தேவை என்பதால் மாலுமிகள் நினைத்தபடி இறங்கி ஊருக்குப் போகவும் முடியாது. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பல் பெசன்ட் நகர் அருகே தரைதட்டி, உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகள் சிலர் உயிரிழந்தபோது, சம்பள பாக்கியும் எரிபொருள் பற்றாக்குறையும் பற்றிச் செய்திகள் வெளியாயின. பணமில்லாமல் நங்கூரத்தில் நிற்கும் கப்பல் உயிருக்கே ஆபத்தானது. ஆகவே, கைவிடப்பட்ட கப்பலை 45 நாட்களுக்குள் ஏலம் விட வேண்டும், காரணம் பதிவு செய்து மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம் என்று சட்டம் கெடு வைத்திருப்பது மிகச் சரியானது.

முதலில் மதிப்பீட்டாளர் கப்பலில் ஏறி என்ஜினையும் இரும்புத் தகடுகளையும் பார்த்து விலை குறிப்பார். அந்த அறிக்கை மூடிய உறையில் நீதிமன்றத்துக்குப் போகும். பத்திரிகைகளில் விளம்பரம் வந்ததும், முன்பணம் கட்டியவர்கள் கப்பலைப் பார்வையிட்டு, ‘உள்ளது உள்ளபடி’ வாங்கிக்கொள்வதாக விலைப்புள்ளி தருவார்கள். வந்த விலை போதாது என்று பட்டால் மறு ஏலத்துக்கு உத்தரவிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

ஏலத்தொகை நீதிமன்றத்தில் கட்டப்பட்டதும், அதுவரை கப்பலின் மேல் இருந்த கடன்களெல்லாம் அந்தப் பணத்தின் மேல் மாறிவிடுகின்றன. கற்பனையாக ஒரு கணக்குப் பார்ப்போம். கப்பல் 20 கோடி ரூபாய்க்குப் போனது. கைதுக்கும் பராமரிப்புக்கும் ஏலத்துக்கும் ஆன 2 கோடி முதலில் கழியும். அடுத்து மாலுமிகளின் சம்பளமும் அவர்கள் ஊர் திரும்பும் செலவும், 3 கோடி. உயிரிழப்பு, காயம், கடலில் கப்பலை மீட்டவர்களுக்கான தொகை ஆகியவை இதற்குப் பின் வரிசையில் வருபவை. அவை இல்லையென்று வைத்துக்கொண்டால் துறைமுகக் கட்டணம் 1 கோடி. மீதி 14 கோடி அடமானம் பிடித்த வங்கிக்கு. அதற்கு வர வேண்டியது 18 கோடி என்றால் 4 கோடி நட்டம். எரிபொருள் கொடுத்த வணிகருக்குக் கைதுக்கான செலவுத்தொகை தவிர ஒன்றும் மிஞ்சாது. அவருக்கு இது கசக்கும் என்றாலும், கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. கப்பலிலேயே வாழ்ந்து உழைத்த மாலுமிக்கு அது இல்லை. இந்த வரிசை நியாயமானதென்றே நான் கருதுகிறேன்.

வாங்கியவருக்குக் கப்பல் எந்த வில்லங்கமும் இல்லாமல் சேர்கிறது என்று சட்டத்தின் 8ஆம் பிரிவு கூறுகிறது. அந்த உறுதி இல்லையேல் நல்ல விலை கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். ஆனால் அடுத்த துறைமுகத்தில் பழைய கடன்காரர் ஒருவர் அங்குள்ள நீதிமன்றத்தை அணுகினால் என்ன ஆகும்? கப்பல் முன்பு பதிவாகியிருந்த கொடி நாடு அந்தப் பதிவை நீக்க மறுத்தால்? இதற்காகவே ஐ.நா. பொதுச்சபை 2022 டிசம்பரில் ஓர் உடன்படிக்கையை ஏற்றது. 2023 செப்டம்பரில் பெய்ஜிங்கில் அது கையெழுத்துக்குத் திறந்துவைக்கப்பட்டது. அதன்படி, விற்ற நீதிமன்றத்தின் நாடு தரும் சான்றிதழைக் காட்டினால், உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் பழைய பதிவை நீக்க வேண்டும். விற்பனைக்கு முந்தைய கடனுக்காகக் கப்பலை மீண்டும் கைது செய்யக் கோரும் மனுவை அவற்றின் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்ய வேண்டும்.