லக்ராஸ்: சொல் விளக்கம்

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் மறுபடி வருகிறது. இனி தமிழிலும் அடிக்கடி எழுதவேண்டி வரும், அதனால் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

பொருள் எளிது. நுனியில் வலைப்பை கட்டிய நீளத் தடியால் கெட்டியான ரப்பர் பந்தைப் பிடித்து, ஏந்திக்கொண்டே ஓடி, வீசி, எதிரணியின் கோலுக்குள் போடவேண்டும். ஓடும்போது மணிக்கட்டை உருட்டிக்கொண்டே இருந்தால்தான் பந்து பையில் தங்கும். கை நின்றால் பந்து கீழே.

சொல் பிரெஞ்சு. 'குரோஸ்' என்றால் நுனி வளைந்த கோல், 'லா' ஆங்கில 'the' போல அதன் முன்னால் வரும் சொல். 1630களில் வட அமெரிக்காவின் வெண்டாட் மக்களிடையே இருந்த ஏசு சபைப் பாதிரியார் ழான் டி பிரெபஃப் இந்த ஆட்டத்தைக் 'குரோஸ்' என்று குறித்து வைத்தார். தடி பிஷப்பின் செங்கோல் மாதிரி இருந்ததால் அப்படிச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு, ஏனென்றால் வளைந்த கோலால் ஆடும் எந்த ஆட்டத்தையும் பிரெஞ்சுக்காரர்கள் ஊரில் அப்படித்தான் சொல்லிவந்தார்கள்.

ஆடிய பூர்வகுடி மக்களிடம் வேறு பெயர்கள் இருந்தன. ஒனொண்டாகா மொழியில் தெஹுன்ச்சிக்வாஏஸ், உருண்டையை அடிக்கிறார்கள் என்கிற பொருளில். மோஹாக் மொழிப் பெயரிலிருந்துதான் அமெரிக்கக் கல்லூரி லக்ராஸின் மிகப் பெரிய விருதான டெவாரடன் பெயர் பெற்றது. 2014இல் அதைப் பகிர்ந்துகொண்ட லைல், மைல்ஸ் தாம்சன் சகோதரர்கள் ஒனொண்டாகா மண்ணைச் சேர்ந்தவர்கள், அதற்கு முன் எந்தப் பூர்வகுடி வீரரும் அதை வாங்கியதில்லை! இந்தப் பூர்வகுடி மக்களுக்கு இது படைத்தவனின் ஆட்டம். ஊரில் ஒருவர் நோயில் கிடந்தால் அவர் குணமாகவேண்டி ஆடுவதும் உண்டு.

இந்தச் சொல்லோடு சேர்த்துத் தெரிந்துகொள்ளவேண்டிய ஆள் ஓரன் லயன்ஸ். 1930இல் பிறந்தவர், நியூயார்க் மாநிலத்துச் செனெகா, ஒனொண்டாகா நிலங்களில் வளர்ந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, ராணுவத்துக்குப் போய், அப்புறம் சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். அங்கே லக்ராஸ் அணியின் கோல்கீப்பர். 1957இல் அந்த அணி 10 ஆட்டம் ஆடிப் பத்தையும் வென்றது. முன்னால் ஜிம் பிரவுன், ஆமாம், அமெரிக்கக் கால்பந்தின் அதே ஜிம் பிரவுன், பின்னால் கோலில் லயன்ஸ். படிப்பு முடிந்து நியூயார்க் நகரில் வாழ்த்து அட்டைக்குப் படம் வரைந்தார், கிளப்புகளுக்கும் ஆடினார். 1970இல் ஊர் திரும்பி ஒனொண்டாகா மக்களின் நெறி காப்பவராக இருந்தார், பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார், 1977இல் ஜெனீவாவில் ஐ.நா. கூட்டத்துக்குப் போன பூர்வகுடிக் குழுவிலும் இருந்தார்.

1983இல் ஒனொண்டாகா, மோஹாக், செனெகா உட்பட ஆறு இனங்களின் கூட்டமைப்புக்கென்று ஒரு லக்ராஸ் அணி உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு. அமெரிக்காவோ கனடாவோ இல்லை, தனிக்கொடி, தனி நாடு என்றுதான் களமிறங்கினார்கள். 2010இல் மான்செஸ்டர் உலகப் போட்டிக்குத் தங்கள் சொந்தக் கடவுச்சீட்டோடு கிளம்பினார்கள். பிரிட்டன் அதை ஏற்கவில்லை. அமெரிக்கக் கடவுச்சீட்டை எடுத்திருந்தால் போயிருக்கலாம். அவர்கள் எடுக்கவில்லை, போட்டியும் போயிற்று. அணியின் பெயரில் இருந்த 'இரோக்வாய்' வெளியார் வைத்தது, பிரெஞ்சு வழியாக வந்தது. 2022இல் அதை நீக்கி 'ஹோடினோஷோனி' என்று மாற்றினார்கள், நீள்வீட்டு மக்கள் என்று அர்த்தம்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? பிரெஞ்சை அப்படியே பெயர்த்தால் 'வளைகோல் பந்தாட்டம்' வரும், அதை ஹாக்கி எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. 'வலைக்கோல்' என்று வைத்தால் எழுத்தில் தப்பிக்கலாம், ஆனால் ல, ள பிரித்துச் சொல்லாத வாயில் இரண்டும் ஒன்றுதான், வானொலி வர்ணனையில் கேட்டால் தொலைந்தோம். என் யோசனை 'ஏந்துகோல் பந்தாட்டம்'. ஹாக்கியில் பந்தைத் தட்டுகிறோம், இதில் ஏந்துகிறோம், அந்த வித்தியாசம் சொல்லிலேயே வந்துவிடுகிறது. தடிக்கு ஏந்துகோல், நுனியில் இருப்பதற்கு வலைப்பை. நீளமாக இருக்கிறது என்று தோன்றினால் செய்தித் தலைப்பில் லக்ராஸ் என்றே போடலாம், தப்பில்லை.

ஆனால் மக்களின் பெயரை மொழிபெயர்க்கவேண்டாம், 'செவ்விந்தியர்' என்றும் எழுதவேண்டாம். "ஓரன் லயன்ஸ், ஒனொண்டாகா இனத்தைச் சேர்ந்த முன்னாள் ஏந்துகோல் பந்தாட்ட வீரர்" என்று எழுதினால் போதும்.