ஒரே வார்ப்பு எண், வேறு வேறு விலை: பழைய ஷெவர்லே எஞ்சின் பாகங்களைப் படிப்பது எப்படி?

1969 ஷெவர்லே கமாரோ இசட்/28 காருக்குள் இருந்த எஞ்சின் பிளாக்கையும் (சிலிண்டர்கள் உள்ள இரும்பு உடல்), சாதாரண ஷெவர்லே செடானிலிருந்து கழற்றிய 350 கன அங்குல எஞ்சின் பிளாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பல சமயம் வார்ப்பு எண்கூட (இரும்பை வார்க்கும்போதே பதியும் எண்) ஒன்றேதான்: 3970010. ஆனால் முதலாவதை வாங்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். இரண்டாவது, ரீபில்டுக்கு வாங்கும் சாதாரண இரும்பு. இந்த வித்தியாசம் ஒரே ஓர் எண்ணில் இல்லை. வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நாளில் பதிந்த பல அடையாளங்கள் ஒன்றோடொன்று முரண்படாமல் நிற்கின்றனவா என்பதில்தான் இருக்கிறது.

முதலில், இசட்/28-ன் எஞ்சின் ஏன் பிறந்தது என்று பார்த்துவிடலாம். 1966-ல் தொடங்கிய டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் எஞ்சின் கொள்ளளவு 5 லிட்டரைத் தாண்டக் கூடாது. அதாவது 305 கன அங்குலம். ஷெவர்லே கையில் இருந்தவை 283, 327, 350 கன அங்குல எஞ்சின்கள். 327-ன் 4 அங்குல போரையும் (சிலிண்டர் விட்டம், 101.6 மி.மீ.), 283-ன் 3 அங்குல ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் நகரும் தூரம், 76.2 மி.மீ.) சேர்த்தார்கள், 302 கன அங்குலம் வந்தது. 1967-ல் விற்ற இசட்/28 கார்கள் 602 மட்டுமே. 1969-ல் அந்த எண்ணிக்கை 20,302. அந்த ஆண்டின் 302 எஞ்சினுக்கு இட்ட குறியீடு டி-இசட்.

எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் வந்து உட்காரும் ஃபிளாஞ்சின் மேல்பகுதியில் இடப் பக்கம் வார்ப்பு எண் இருக்கும். வலப் பக்கம் வார்ப்புத் தேதி. இரண்டும் மணல் அச்சிலேயே உருவானவை, அதனால் புடைத்து நிற்கும். 'ஏ 8 9' என்றிருந்தால் ஏ என்பது ஜனவரி, 8 என்பது நாள், 9 என்பது ஆண்டின் கடைசி இலக்கம். எல் என்றால் டிசம்பர். தேதியை மாற்றுவதற்காக அச்சு மாதிரியில் சின்னத் தகடுகளைத் திருகியிருப்பார்கள். அந்தத் திருகுத் தலைகளின் தடம்கூடச் சில பிளாக்குகளில் அப்படியே விழுந்திருக்கும். தேதியைச் சுற்றியுள்ள இரும்பு மட்டும் மழமழவென்று இருந்து, மற்ற இடமெல்லாம் மணல் சொரசொரப்போடு இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இங்கே பெரிய பொறி, ஆண்டுக்கு ஒற்றை இலக்கம் என்பதுதான். 3970010 பிளாக்கை 1970-களின் கடைசி வரை வார்த்தார்கள். ஆகவே '9' என்பது 1969 ஆகவும் இருக்கலாம், 1979 ஆகவும் இருக்கலாம். தேதியை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தால் பத்து ஆண்டு தள்ளிப் பிறந்த பிளாக்கை வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள்.

இதைத் தீர்த்துவைப்பது முன்பக்கத்துப் பொறிப்பு. வலப் பக்க ஹெட்டுக்கு (சிலிண்டர்களை மூடும் மேல்பாகம்) முன்னால், பிளாக்கின் மேல்முகத்தில் ஒரு சின்ன மேடை நீட்டிக்கொண்டிருக்கும். 1969 காரில் அதை ஆல்டர்னேட்டர் மறைத்துக்கொள்ளும். அதில் 'வி 0115 டி-இசட்' என்று இருந்தால் வி என்பது ஃபிளின்ட் தொழிற்சாலை, 0115 என்பது ஜனவரி 15, டி-இசட் என்பது 302. கூடவே கார் சேசிஸ் எண்ணின் ஒரு பகுதியும் இருக்க வேண்டும்: 1 ஷெவர்லே, 9 ஆண்டு, என் என்ற எழுத்து நார்வுட் ஆலை, பிறகு ஆறு இலக்க வரிசை எண். சில 1969 பிளாக்குகளில் இந்தச் சேசிஸ் எண் ஆயில் ஃபில்டர் பக்கம் இருக்கும். மேடையில் காணோம் என்று உடனே சந்தேகப்பட வேண்டாம்.

கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தேதியையும் குறியீட்டையும் எஞ்சின் தொழிற்சாலையில் அடித்தார்கள். சேசிஸ் எண்ணைக் கார் பூட்டும் ஆலையில் வேறோர் ஆள் வேறோர் அச்சால் அடித்தார். எனவே இரண்டு வரிகளின் ஆழம், சாய்வு, எழுத்தமைப்பு கொஞ்சம் வேறுபடுவதுதான் இயல்பு. இரண்டும் ஒரே கை எழுதியதுபோல் அச்சு அசலாக ஒத்துப்போனால் அதுவே சந்தேகத்துக்குக் காரணம்.

மேடையைச் சுத்தம் செய்யும்போது எமரித் தாளோ கம்பி பிரஷ்ஷோ படவே கூடாது. பெயின்ட் ரிமூவரைத் தடவி ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும். பிறகு டார்ச்சைப் பரப்புக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். தொழிற்சாலையில் பிளாக்கின் மேல்முகத்தை புரோச் என்ற நீண்ட பல்வெட்டுக் கருவியால் ஒரே இழுப்பில் சீவினார்கள். அந்தக் கோடுகள் முன்னிருந்து பின்னாக, கிராங்க் ஷாஃப்ட்டுக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இணையாக, மெல்லியதாக ஓடும். பட்டறையில் சுழலும் கட்டரால் முகம் சீவியிருந்தால் வில் போன்ற வளைகோடுகள் தெரியும். முகத்தைச் சீவினால் பழைய பொறிப்பு போய்விடும். ஆகவே வளைகோடுகளின் மேல் 'அசல்' பொறிப்பு நிற்க வழியே இல்லை.

புரோச் கோடுகளையே போலியாகக் கீறுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்கும் அளவு, டெக் உயரம். கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்முகம் வரை 9.025 அங்குலம் (சுமார் 229.2 மி.மீ.) இருக்க வேண்டும். ஒரு பக்கம் 9.005-க்கு இறங்கியிருந்தால் அங்கே இரும்பைச் சீவியிருக்கிறார்கள். மேலே எவ்வளவு அழகாகக் கோடு போட்டாலும் போன உயரம் திரும்பாது.

தேதிகளுக்கு ஒரு வரிசை உண்டு. வார்ப்பு முதலில், பூட்டிய நாள் அடுத்தது, கார் வெளிவந்த நாள் கடைசி. ஜனவரி 8-ல் வார்த்து 15-ல் பூட்டிய எஞ்சின், டிசம்பர் 1968-ல் வெளிவந்த காருக்கு அசலாக இருக்க முடியாது. சில நாள் முதல் சில வாரம் வரை இடைவெளி இருப்பது வழக்கம். பல மாதம் தள்ளிப்போனால் கேள்வி கேட்க வேண்டும். மேடையில் 'சி-இ' என்று தொடங்கும் எழுத்து இருந்தால் அது வாரன்டியில் மாற்றிக் கொடுத்த பிளாக். அது போலி அல்ல, நேர்மையான பொருள்தான். ஆனால் காருடன் பிறந்ததன் விலை அதற்குக் கிடையாது.

அடுத்து, மெயின் கேப், அதாவது கிராங்க் ஷாஃப்ட்டை பிளாக்கோடு பிடித்துவைக்கும் மூடி. 1969-ன் 302-ல் நடு மூன்று கேப்களுக்கும் நான்கு போல்ட், முதலுக்கும் கடைசிக்கும் இரண்டு. 3970010 வார்ப்பிலேயே இரண்டு போல்ட் பிளாக்கும் உண்டு, நான்கு போல்ட் பிளாக்கும் உண்டு. ஆயில் சம்ப்பைக் கழற்றாமல் இதைத் தெரிந்துகொள்ள முடியாது. விற்பவர் கழற்ற மறுத்தால் இரண்டு போல்ட் விலைதான் பேச வேண்டும்.

ஹெட்டுகளுக்கு வருவோம். இரு முனையிலும் ஒட்டகத் திமில்போல் இரட்டை மேடு வார்த்திருந்தால் நல்ல ஜாதி என்று சந்தையில் சொல்வார்கள். பாதி உண்மைதான். 1.94 அங்குல இன்டேக் வால்வுள்ள ஹெட்டுக்கும் அதே மேடுதான், 2.02 அங்குலத்துக்கும் அதே மேடுதான். ராக்கர் கவரைத் திறந்து எண்ணைப் படியுங்கள். 3782461 என்பது 1960-களின் முற்பகுதி. 3927186 என்பது 1969. 1969-ல் ஹெட்டின் முனையில் ஆல்டர்னேட்டர் போன்றவற்றைப் பூட்டத் துளைகள் வந்தன. துளையுள்ள ஹெட், 1967 காரை அசலாக மீட்பவருக்கு உதவாது. ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு அருமையானது. 2.02 வால்வு இருப்பதும் தனியாக எதையும் நிரூபிக்காது. 1.94-ஐப் பெரிதாக்குவது சாதாரணப் பட்டறை வேலை.

எரியறையின் கொள்ளளவு ஏறத்தாழ 64 சி.சி. ஸ்பார்க் பிளக்கை இறுக்கி, வால்வுகளை மூடி, விளிம்பில் கிரீஸ் தடவி, துளையிட்ட அக்ரிலிக் தகட்டை ஒட்டி, பியூரெட்டிலிருந்து நிறமேற்றிய திரவத்தை விட்டு அளக்கலாம். 58 வந்தால் ஹெட்டை நிறையச் சீவியிருக்கிறார்கள். வால்வு சீட்டுகளுக்கு இடையிலும் பிளக் துளை ஓரத்திலும்தான் விரிசல் வரும். காந்தத் துகள் சோதனையும், நீர் அறைக்குக் காற்றழுத்தச் சோதனையும் செய்யாத ஹெட்டுக்கு முழு விலை கொடுக்க வேண்டாம்.

இந்த ஹெட்டுகள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தவை. ஈயச் சேர்மங்கள் எக்ஸாஸ்ட் சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்தன. அது இல்லாமல் அதிக வேகத்தில் ஓடினால் சூடான வால்வும் இரும்புச் சீட்டும் நுண்ணளவில் ஒட்டி ஒட்டிப் பிய்யும். சீட் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கடினச் சீட் வளையம் பொருத்துவது சரியான மருந்து. ஆனால் அதற்காக ஆழமாகக் குடைந்தவர் நீர் அறையைத் தொட்டிருந்தால் ஹெட் போனது போனதுதான்.

கிராங்க் ஷாஃப்ட்டை அடையாளம் காண்பது எளிது. இசட்/28-ல் இருந்தது அடித்து உருவாக்கிய எஃகு. அடிக்கும்போது இரு அச்சுகளுக்கு நடுவே பிதுங்கிய உலோகத்தை வெட்டிய தடம் விரலளவு அகலப் பட்டையாகத் தெரியும். வார்ப்பிரும்புக் கிராங்கில் அது மெல்லிய கோடு. தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினால் எஃகு மணிபோல் ரீங்கரிக்கும். வார்ப்பு 'தொப்' என்று அடங்கும், அதில் உள்ள கிராஃபைட் அதிர்வை விழுங்கிவிடுவதால். மெயின் ஜர்னலை (கிராங்கில் மெயின் பேரிங்குக்குள் சுழலும் பகுதி) மைக்ரோமீட்டரில் அளந்தால் 1967-ல் 2.30 அங்குலம், 1968 முதல் 2.45. இரண்டும் மாறிப் பொருந்தாது. கிரைண்டிங்கில் 0.010, 0.020 குறைந்திருந்தால் கவலையில்லை, அதற்கேற்ற பேரிங் கிடைக்கும்.

கார்புரேட்டர் ஹாலி நிறுவனத்தது, 780 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று). சோக் கோபுரத்தில் பட்டியல் எண் 4053, கீழே மூன்று இலக்கத் தேதி: 892 என்றால் 1968 செப்டம்பர் இரண்டாம் வாரம். அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டில் வின்டர்ஸ் வார்ப்பாலையின் பனித்துகள் சின்னத்தைத் தேடுங்கள். நீர் வழி ஓரத்தை அரிப்பு தின்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் விலையை முடிப்பது சிலிண்டர் சுவர்தான். 4.000 போர் அசல், 4.030 வரை போர் போட்டிருப்பதைச் சந்தை ஏற்கும், 4.060 ஆகிவிட்டால் அடுத்த ரீபில்டுக்கு இடமில்லை. வார்க்கும்போது மணல் கரு ஒரு பக்கம் நகர்ந்திருந்தால், வெளியே நன்றாகத் தெரியும் பிளாக்கிலும் ஒரு சுவர் மெலிந்திருக்கும். ஒவ்வொரு சிலிண்டரையும் நான்கு திசையிலும், மேல், நடு, கீழ் என மூன்று உயரத்திலும் அல்ட்ராசானிக் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். பிஸ்டன் சாய்ந்து தள்ளும் பக்கம் குறைந்தது 5 மி.மீ. தடிமன் இருந்தால் வேகமாக ஓட்ட நம்பலாம். ஆயில் சம்ப் விளிம்புக்கு மேலே, பக்கச் சுவரில், நீளவாக்கில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். குளிர்காலத்தில் நீரை வடிக்காமல் விட்டு உறைந்து வெடித்த பிளாக் அப்படித்தான் இருக்கும். டி-இசட் பொறிப்பு எவ்வளவு அசலாக இருந்தாலும் அதை அலமாரிப் பொருளாக மதித்துதான் விலை பேச வேண்டும்.