நள்ளிரவில் கொதித்த சூரிய ஊற்று

எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், லிபிய எல்லைக்குக் கிழக்கே சீவா என்ற பாலைவனச்சோலை இருக்கிறது. அங்குள்ள வட்டக் குளம் ஒன்றைக் கிளியோபாட்ரா குளம் என்கிறார்கள். அந்த அரசி அதில் நீராடியதற்குச் சான்று இல்லை. அதைவிடச் சுவையானது அதன் பழங்கதை. முற்காலத்தவர் சூரிய ஊற்று என்று அழைத்தது இதைத்தான் எனக் கருதப்படுகிறது. விடியலில் வெதுவெதுப்பு, நண்பகலில் குளிர்ச்சி, நள்ளிரவில் கொதிப்பு என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். இரவில் பூமிக்கு அடியில் செல்லும் சூரியன் நீரைக் காய்ச்சுவதாகவும் சிலர் நம்பினர்.

கதை பொய்யல்ல, பாதி உண்மை. ஆழத்திலிருந்து வரும் நீரின் வெப்பநிலை நாள் முழுவதும் ஏறக்குறைய மாறுவதில்லை, மாறுவது காற்று. சீவாவில் கோடைப் பகல் 38 டிகிரியை எட்டும், ஜனவரி இரவோ 5 டிகிரி அளவுக்கு இறங்கும். நம் தோல் வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை. வெப்பம் எவ்வளவு விரைவாக உடலுக்குள் வருகிறது, வெளியேறுகிறது என்பதையே உணர்கிறது. மார்கழி விடியலில் கிணற்றுநீர் இதமாக இருப்பதும் இதனால்தான். குளிர்ந்த காற்றில் நீராவி வெண்புகையாகத் திரளும். அடியிலிருந்து வாயுக் குமிழிகளும் எழும். பார்ப்பவருக்குக் கொதிப்பது போலவே தோன்றும்.

ஆனால் காற்று மிகவும் குளிர்வது விடியலுக்குச் சற்று முன்பு. உச்சக் கொதிப்பு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். நண்பகலுக்கு நேரெதிராக நள்ளிரவை வைத்தது, சூரியனை நாயகனாக்கிய கதையின் வேலை என்றே நான் நினைக்கிறேன்.

மழையே அரிதான இடத்தில் நீர் எப்படி? எகிப்து, லிபியா, சூடான், சாட் ஆகிய நாடுகளுக்கு அடியில் சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் நூபிய மணற்கல் நீர்த்தேக்கம் விரிந்திருக்கிறது. சகாரா ஈரமாக இருந்த காலங்களில் பெய்த மழை அதில் இறங்கியது. மேலே நீர்புகாத அடுக்குகள் மூடியிருப்பதால் அது அழுத்தத்தில் இருக்கிறது. சீவாவோ கடல்மட்டத்தைவிடச் சுமார் 18 மீட்டர் தாழ்ந்த பள்ளம். அங்கே பாறை விரிசல் கிடைத்தால் நீர் தானாகவே மேலேறும். மேற்குப் பாலைவனத்தின் பிற சோலைகளில் எடுத்த நீரை, அதில் கரைந்துள்ள கிரிப்டான்-81 என்ற கதிரியக்க வாயு எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பதைக் கொண்டு ஆராய்ந்தபோது, அதன் வயது 2 லட்சம் முதல் 10 லட்சம் ஆண்டுகள் வரை என்று தெரியவந்தது.

இத்தகைய முதுநீரை ஆழ்துளைக் கிணறுகள் கட்டுப்பாடின்றி வெளியே விட்டதுதான் வேதனை. பள்ளத்திலிருந்து நீர் இயற்கையாக வடிய வழியில்லை. மிஞ்சிய நீர் ஏரிகளில் தேங்கி ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது, நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து பேரீச்சந்தோப்புகளின் வேர்களைப் பாழாக்குகிறது.