கிம்பர்லியின் பச்சைக் கற்கள் சொல்லும் ஆழம்

பாறைகளை ஆராய்வதுதான் என் தொழில் என்று தெரிந்ததும், டர்பனில் நம்மவர்கள் வைரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். "நிலக்கரி அமுங்கித்தானே வைரம் ஆகுது?" இல்லை. நிலத்தில் செடி கொடி முளைப்பதற்கு வெகுகாலம் முன்பே உருவானவை நம் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரங்கள். சிலவற்றின் வயது 300 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அவற்றைப் பூமியின் ஆழத்திலிருந்து சுமந்துவந்த கிம்பர்லைட் என்னும் உருகிய பாறைக் குழம்பு வெடித்ததோ சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆக, வைரம் அந்தக் குழம்பில் பிறந்ததல்ல. வழியில் ஏறிய பயணி.

கூடவே ஏறிய மற்றப் பயணிகளை யாரும் கண்டுகொள்வதில்லை என்பதே என் ஆதங்கம். சுரங்கக் குவியல்களில் கிடக்கும் பச்சைக் கற்களைச் சொல்கிறேன். குழம்பு இறுகிய கருஞ்சாம்பல் கிம்பர்லைட்டுக்குள் உருண்டையாக ஒரு துண்டு பதிந்திருக்கும். அதில் மூன்று கனிமங்கள் கண்ணில் படும்: வெளிர்பச்சை ஒலிவின், ஆங்காங்கே மரகதப் பச்சையில் குரோமியம் கலந்த பைராக்சீன், நடுநடுவே கருஞ்சிவப்புக் கார்னெட். இதுதான் பெரிடோடைட், பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள மேன்டில் அடுக்கின் பாறை. மனிதன் தோண்டியதில் மிக ஆழமான துளையே 12 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியதுதான். இந்தக் கல் வந்ததோ 100, 150 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து!

கார்னெட்டைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிகிறதா பாருங்கள். மேலே வர வர அழுத்தம் குறைந்து கார்னெட் சிதையத் தொடங்குகிறது. ஓரம் மட்டும் சிதைந்து நடுப்பகுதி பிழைத்திருந்தால், வேகமாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவு தூரத்தையும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கடந்திருக்கும்.

ஆழத்தைக் கணக்கிட, கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, எலக்ட்ரான் கற்றையால் ஒவ்வொரு கனிமத்தின் சேர்மானத்தையும் அளக்கிறோம். கார்னெட்டோடு சேர்ந்திருக்கும் ஒருவகைப் பைராக்சீனில் அலுமினியம் குறையக் குறைய அழுத்தம் கூடுதல், அதாவது ஆழமும் கூடுதல். இன்னொரு பைராக்சீனின் கால்சியம் வெப்பநிலையைச் சொல்லும். 1973இல் எஃப். ஆர். பாய்ட் என்ற ஆய்வாளர் லெசோத்தோ கற்களில் இந்தக் கணக்கைப் போட்டு, அடியில் ஆழத்தோடு வெப்பம் எப்படி ஏறுகிறது என்று காட்டினார். நம் டிராக்கன்ஸ்பர்க் மலைக்கு அந்தப் பக்கத்துக் கற்கள் அவை.

சரி, இதிலிருந்து குழம்பின் பிறப்பிடம் எப்படித் தெரியும்? பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஏறியவர் டர்பனில் இறங்கினால், பஸ் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்தோ அதற்கு அப்பாலிருந்தோதான் கிளம்பியிருக்க வேண்டும். அதுபோல, மிக ஆழத்தில் ஏறிய கல் 200 கிலோமீட்டர் அளவைக் காட்டினால் குழம்பு அந்த ஆழத்திலோ அதற்குக் கீழேயோ உருவாகியிருக்கிறது. அதற்குமேல் அந்தக் கல்லைக் கொண்டு அடித்துச் சொல்லக்கூடாது. பயணி ஏறிய இடத்தையே குழம்பு உருகிய இடம் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள், அது தவறு.

இன்னொரு வகைப் பயணி எக்லோகைட் என்னும் பாறை: பெரும்பாலும் சிவப்புக் கார்னெட்டும் பச்சைப் பைராக்சீனும்தான். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் ராபர்ட்ஸ் விக்டர் சுரங்கம் இதற்குப் பேர்போனது. அங்குள்ள பல கற்களின் ஆக்சிஜன் ஐசோடோப்பு (எடை வேறுபடும் ஆக்சிஜன் அணுக்கள்) அளவுகள் மேன்டிலுக்குரியவை அல்ல. கடல்நீர் பட்டு மாறிய பாறைக்குரியவை. ஒருகாலத்தில் கடலடித் தரையாக இருந்தது கீழே அமிழ்ந்து, பின் மேலே வந்திருக்கிறது! இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு இன்னமும் சிலிர்க்கும். மேலோட்டின் அடிப்பகுதியிலிருந்து வந்த கிரானுலைட் என்னும் பாறைத் துண்டுகளும் உண்டு. ஃப்ரீ ஸ்டேட்டில் கிடைத்த சிலவற்றிலுள்ள சிர்கான்கள் (வயதைக் கணிக்க உதவும் சிறு படிகங்கள்), சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலோட்டின் அடித்தளமே கடுமையாகச் சூடானதைக் காட்டுகின்றன. வெண்டர்ஸ்டார்ப் என்று அழைக்கப்படும் எரிமலைக் குழம்புகள் மேலே கொட்டியதும் அதே காலத்தில்தான்.

வீட்டில் இப்படிக் கல் இருந்தால் அறுத்துப் பாலிஷ் போடாதீர்கள். சுற்றியுள்ள கறுப்புப் பாறையையும் உடைத்தெடுக்க வேண்டாம். துண்டுக்கும் குழம்புக்கும் இடையிலான எல்லைதான் எங்களுக்கு முக்கியம். எந்தச் சுரங்கம், எந்த ஊர் என்று தெரிந்தவரை எழுதி ஒட்டுங்கள். ஊர் தெரியாத கல்லால் ஆய்வுக்கு அதிகம் பயனில்லை. அரிய கல்லை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். 1999ஆம் ஆண்டின் பாரம்பரிய வளச் சட்டம் அரிய பாறை மாதிரிகளையும் பேசுகிறது. அருகிலுள்ள பல்கலைக்கழகப் புவியியல் துறையில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.