நார்க்கட்டியா, ஃபில்லோட்ஸா? ஊசிச் சோதனைச் சீட்டில் இருக்க வேண்டியவை

‘இடது மார்பில் கட்டி.’ மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் ஊசிச் சோதனைக்காகப் பாளையங்கோட்டையில் எங்கள் லேபுக்கு வரும் சீட்டுகள் பலவற்றில் இவ்வளவுதான் எழுதியிருக்கும். வயது இருக்காது. கட்டி எத்தனை மாதமாக இருக்கிறது, வளர்கிறதா, பால் கொடுக்கும் தாயா, எதுவும் இருக்காது. ஸ்லைடைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நினைப்புதான். நோயியல் மருத்துவராகச் சொல்கிறேன்: தெரியாது. அச்சில் வார்த்தது போல ஒத்திருக்கும் சில கட்டிகளில் நிச்சயமாகத் தெரியாது.

ஃபைப்ரோஅடினோமா என்கிற நார்க்கட்டியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் வரும். விரலுக்குப் பிடிகொடுக்காமல் நழுவும், அநேகமாக வலிக்காது. புற்றுநோய் அல்ல. சிறியதாக இருந்தால் எடுக்காமலே ஸ்கேனில் கவனித்து வரலாம். அதன் ஜாடையிலேயே இருப்பது ஃபில்லோட்ஸ் கட்டி. 1838-இல் ஜெர்மானிய அறிஞர் யோஹன்னஸ் முல்லர் பெயரிட்டு விவரித்தது. மார்பகக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. 40 வயதையொட்டியும் அதற்கு மேலும் அதிகம் வரும், சில மாதங்களிலேயே மளமளவென்று பெருக்கும். இதிலும் பெரும்பாலானவை சாதுவானவைதான். ஆனால் நார்க்கட்டி என்று நினைத்துக் கட்டியை மட்டும் நோண்டி எடுத்தால் அதே இடத்தில் திரும்ப முளைக்கும். புற்றுத்தன்மை உள்ள சிறு பங்கு, ரத்தம் வழியாக நுரையீரல் வரை போகும். அதனால் சுற்றியுள்ள நல்ல திசுவையும் கொஞ்சம் சேர்த்தே வெட்டியாக வேண்டும். சர்ஜனுக்கு இது கத்தி வைப்பதற்கு முன்பே தெரிய வேண்டிய விஷயம்.

முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் அக்கா ஒருவர் வந்திருந்தார். 40 தாண்டியவர். கூட வந்த பெண் வெளியே உட்கார்ந்திருக்க, இவர் மெதுவாகக் கேட்டார்: “டாக்டரம்மா, ஊசி குத்துனா கட்டி உடம்பெல்லாம் பரவிரும்னு எங்க மைனி சொல்லுதாக. நெசமா?”

“அப்படியெல்லாம் பரவாதுக்கா. ரத்தம் எடுக்குற ஊசியவிட இது மெல்லிசு. கட்டி எப்பத்துல இருந்து இருக்கு?”

“அது கெடக்கு ரெண்டு வருசமா. பொங்கலுக்கு அப்புறந்தான் பெருசாயிட்டு.”

அந்தக் கடைசி வாக்கியம் அவர் கொண்டுவந்த சீட்டில் இல்லை.

கட்டியை இரு விரலுக்கிடையே நிறுத்தி, ஊசியை ஒரே தடத்தில் விடாமல் பல பக்கமாகச் சாய்த்து எடுத்தேன். ஃபில்லோட்ஸ் உள்ளே ஒரே சீராக இருக்காது. ஓர் ஓரத்தில் அச்சு அசலாக நார்க்கட்டி மாதிரியே இருக்கும், ஊசி அங்கே மட்டும் போனால் ரிப்போர்ட்டும் அப்படித்தான் வரும். ஸ்லைடில் முதலில் கண்ணில் பட்டவை மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட செல் தகடுகள். சுற்றிலும் சிதறிய வெறும் செல் உட்கருக்கள். இதுவரை நார்க்கட்டியின் படம்தான். ஆனால் ஜீம்சா சாயத்தில் ரோஸ் நிறமாகத் தெரியும் நார்த்திசுத் துண்டுகள் பெரிது பெரிதாக இருந்தன, அவற்றுக்குள் செல்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. பின்னணியில் நீண்ட கதிர் வடிவச் செல்கள் வேறு. இருபது வயதுப் பெண்ணின் நார்க்கட்டியிலும் நார்த்திசு இப்படிச் செழித்திருப்பதுண்டு. இவருடைய வயதையும் வளர்ந்த வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அதற்கு வேறு அர்த்தம் வந்தது.

‘நார்-எபிதீலியக் கட்டி, ஃபில்லோட்ஸ் இருக்க வாய்ப்பு, கோர் பயாப்சி தேவை’ என்று எழுதினேன். கோர் பயாப்சி என்றால் சற்றுத் தடித்த ஊசியால் திசுத்துண்டே எடுத்துப் பார்ப்பது. இப்படி எழுதினால் ‘லேபில் மழுப்பிவிட்டார்கள்’ என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். மழுப்பல் இல்லை. செல் மாதிரியைத் தரம்பிரிக்கும் யோகோஹாமா முறையின் 5 வகைகளில் இப்படிப்பட்ட இடைநிலைக்கென்றே ஒரு வகை உண்டு. சாதுவா, புற்றா என்பதை முடிவு செய்ய, செல்கள் எவ்வளவு பிளவுபடுகின்றன, கட்டியின் ஓரம் பக்கத்துத் திசுவுக்குள் நுழைகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். உதிரிச் செல்களில் ஓரம் ஏது? அதற்குத் திசுத்துண்டு வேண்டும்.

சீட்டில் விவரம் இல்லாததால் தலைகீழான சிக்கலும் வரும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்பகச் செல்களின் உட்கருக்கள் பெருத்து, உட்கருவுக்குள் புள்ளி எடுப்பாகத் தெரியும். கைக்குழந்தை இருப்பது தெரியாமல் பார்த்தால் புற்றோ என்று நெஞ்சு பதறும். இன்னொரு பக்கம், 60 வயதுப் பாட்டிக்கு வழுவழுப்பான, நழுவும் கட்டி இருந்தால் அதை நார்க்கட்டி என்று விட்டுவிடக் கூடாது. சளிமம் சுரக்கும் புற்றுநோய் ஒன்று இப்படித்தான் நல்லபிள்ளையாக வரும்.

ஆகவே ஊசிச் சோதனைக்குப் போகும்போது ஸ்கேன் அல்லது மேமோகிராம் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். கட்டி வந்த காலம், பெருத்த வேகம், முன்பு அதே இடத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தால் அது, அக்குளில் நெறி கட்டியிருந்தால் அது, எல்லாவற்றையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ‘நார்க்கட்டி’ என்று ரிப்போர்ட் வந்தபின் கட்டி வேகமாக வளர்ந்தால் அந்தப் பழைய ரிப்போர்ட்டை நம்பி இருக்காமல் மறுபடி காட்டுங்கள்.

எடுத்த கட்டியைச் ‘சின்னதுதானே’ என்று லேபுக்கே அனுப்பாமல் விடுவதும் நடக்கிறது. எனக்கு இதில்தான் ஆற்றாமை அதிகம். அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் உறவினர்களே டப்பாவை மஞ்சப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவருகிறார்கள். வரட்டும், தப்பில்லை. டப்பாவுக்குள் சலைனோ வெறும் தண்ணீரோ இருந்தால் திசு கெட்டுப்போகும். திசுவைக் கெடாமல் வைக்கும் 10 சதவீத ஃபார்மலின், கட்டி நன்றாக மூழ்கும் அளவுக்கு இருக்கிறதா என்று தியேட்டர் நர்ஸிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.