குற்றாலத்துச் சாரலும் தூத்துக்குடி உப்பும்

ஆடி மாதத்தில் ஒருநாள் செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரயிலில் ஏறிப் பாருங்கள். பிளாட்பாரத்தில் நிற்கும்போதே வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்படி காற்று வீசும். வெயில் அடித்துக்கொண்டே தூறும். பகவதிபுரம் தாண்டி, மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஆரியங்காவு. அங்கே தூறல் எல்லாம் இல்லை, கொட்டும் மழைதான். அதே நாளில் எதிர்த்திசையில் பஸ் பிடித்தால் கதை வேறு. தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று போகப் போகத் தூறல் நின்றுவிடும். திருநெல்வேலியில் இறங்கும்போது முகத்தில் அனல் அடிக்கும். எல்லாம் 100 கிலோமீட்டருக்குள்.

ஏன் இப்படி என்று தேர்வில் கேட்டால் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் எழுதுகிறார்கள்: "மேகங்கள் மலையில் மோதி மழை பொழிகின்றன. மலை மேகங்களைத் தடுப்பதால் மறுபக்கம் மழை இல்லை." மதிப்பெண் கிடைத்துவிடும். நானும் பள்ளியில் இதைத்தான் எழுதினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், மேகம் என்ன தண்ணீர் நிறைந்த பலூனா, பாறையில் மோதி உடைவதற்கு? மலை மேகத்தைத் தடுக்கவில்லை. இன்னும் சொல்லப்போனால், அங்கே மேகத்தை உண்டாக்குவதே மலைதான்.

அது எப்படி என்று பார்க்க ஒரு சைக்கிள் பம்ப் போதும். டயருக்கு வேகமாகக் காற்றடித்தபின் பம்ப்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். உள்ளே பிஸ்டன் உரசுவதும் ஒரு காரணம். ஆனால் முக்கியக் காரணம் அதுவல்ல, காற்றை அமுக்கினால் அது சூடாகும். இதற்கு நேர்மாறாக, காற்று விரிந்தால் குளிரும். வெளியிலிருந்து யாரும் சூடு கொடுக்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். விரிவதற்காகக் காற்று தன்னிடம் இருக்கும் ஆற்றலையே செலவழிக்கிறது, அதனால் அதன் வெப்பநிலை இறங்குகிறது.

இதை மலைக்குக் கொண்டுபோவோம். கடல்மட்டத்தில் இருக்கும் காற்றின் மேல், அதற்கு மேலே உள்ள மொத்தக் காற்றின் எடையும் அழுத்துகிறது. 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் அந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்துவிடும். தென்மேற்குக் காற்று அரபிக்கடலைக் கடந்து வருகிறது, எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை. பின்னால் வரும் காற்று தள்ளுவதால் முன்னால் இருப்பது சரிவில் ஏறியே ஆக வேண்டும். ஏற ஏற அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, குளிர்கிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குறையும்.

குளிர்ந்த காற்றில் நீராவி அதிகம் தங்காது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி வரை இருக்கலாம். 20 டிகிரியில் 17 கிராம்தான். மிச்சம் எங்கே போகும்? துளியாக மாறும். ஐஸ் போட்ட எவர்சில்வர் தம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதேதான். (தம்ளரில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, சிறுகச் சிறுக ஐஸ் போட்டுக் கலக்கி, வெளிப்பக்கம் முதன்முதலாக மங்கும்போது தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் அன்றைக்கு உங்கள் வீட்டுக் காற்றின் பனிநிலை. தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரத்தில் முடிகிற வேலை.) தம்ளரில் துளி ஒட்டிக்கொள்ள உலோகம் இருக்கிறது. வானத்தில் தூசியும், கடலிலிருந்து கிளம்பிய உப்புத் துகள்களும் அந்த வேலையைச் செய்கின்றன. துளிகள் கோடிக்கணக்கில் சேர்ந்தால் மேகம், ஒன்றோடொன்று சேர்ந்து கனத்தால் மழை.

இதுவரை பாதிக் கதை. மறுபக்கம் மழை ஏன் இல்லை என்பதுதான் மீதி. "தண்ணீர் தீர்ந்துபோச்சு" என்பது முழுப் பதில் ஆகாது, ஏனென்றால் உச்சியைத் தாண்டும் காற்றிலும் நீராவி கணிசமாகவே இருக்கிறது. விஷயம் என்னவென்றால், உச்சியைத் தாண்டிய காற்று இறங்குகிறது. இறங்கினால் அழுத்தம் கூடும், சைக்கிள் பம்ப்பில் நடந்தது இங்கேயும் நடக்கும்.

ஒரு கணக்குப் போடலாம். கைக்கடக்கமாக இருக்க உருண்டை எண்களாகவே எடுத்துக்கொள்கிறேன். மேற்குக் கடற்கரையில் காற்று 30 டிகிரி. 500 மீட்டர் ஏறுவதற்குள் 5 டிகிரி குறைந்து 25 ஆகிறது, அங்கே மேகம் உருவாகத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் ஒரு மாற்றம் நடக்கிறது. நீராவி துளியாக மாறும்போது வெப்பத்தை வெளிவிடும், கிராமுக்கு ஏறத்தாழ 580 கலோரி. வியர்வை காயும்போது உடம்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறதல்லவா, அதன் மறுதலை இது. கடலில் தண்ணீரை ஆவியாக்க வெயில் செலவழித்த வெப்பம், மலைச்சரிவில் வந்து கைக்குத் திரும்புகிறது. அதனால் மேகத்துக்குள் ஏறும் காற்று அவ்வளவு வேகமாகக் குளிர்வதில்லை, கிலோமீட்டருக்கு 5 டிகிரி என்று கொள்ளலாம். 1,500 மீட்டர் உச்சியை எட்டும்போது 20 டிகிரி.

வழியில் உருவான துளிகள் எல்லாம் மழையாக விழுந்துவிட்டன. இப்போது காற்று கிழக்கே இறங்குகிறது. ஆவியாக்கத் துளி இல்லை, ஆகவே கிலோமீட்டருக்கு முழு 10 டிகிரி ஏறுகிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் இறங்கினால் 20 டிகிரி 35 ஆகிவிடும். புறப்பட்ட உயரத்துக்கே திரும்பி வந்தாயிற்று, ஆனால் 5 டிகிரி கூடுதல் சூடு! ஈரமும் குறைவு, சூடும் அதிகம், அப்படிப்பட்ட காற்றில் மேகம் பிறக்காது. மிச்சமிருந்த மேகமும் கரைந்துவிடும். திருநெல்வேலியில் முகத்தில் அடித்தது இந்தக் காற்றுதான். மழை மறைவுப் பிரதேசம் என்று பாடப்புத்தகம் சொல்வதைப் படித்தால், ஏதோ மலையின் நிழலில் சும்மா ஒதுங்கிக் கிடக்கும் இடம் போலத் தோன்றும். உண்மையில் அங்கே ஒரு காற்று நாள் முழுக்க ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

சரி, அப்படியானால் செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் மட்டும் ஏன் சாரல்? அவையும் கிழக்குப் பக்கம்தானே?

மலைத்தொடர் ஒரே உயரச் சுவர் அல்ல. தெற்கே அகத்தியமலை 1,868 மீட்டர், வடக்கே ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவே ஆரியங்காவில் மலை தாழ்ந்து ஒரு கணவாய் கிடக்கிறது. அந்த வழியாகத்தான் ரயில் போகிறது, சாலை போகிறது, காற்றும் வருகிறது. இங்கே காற்று அதிகம் ஏறவும் இல்லை, அதிகம் இறங்கவும் இல்லை. ஈரத்தை முழுதாக இழப்பதற்குள்ளும், இறங்கிச் சூடாவதற்குள்ளும் தென்காசி வந்துவிடுகிறது. அந்த இடைப்பட்ட நிலைக்குப் பெயர்தான் சாரல். தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் குற்றாலத்து அருவிகள் தனிக் கணக்கு. பேரருவியில் விழுவது சிற்றாற்றுத் தண்ணீர், மேலே மலையில் பெய்த மழை. கீழே சுள்ளென்று வெயில் அடிக்கும் நாளிலும் அருவியில் குளிக்க விடாமல் போலீஸ் தடுப்புப் போடுவது இதனால்தான்.

கணவாய் என்றால் எல்லோருக்கும் பாலக்காடுதான் முதலில் நினைவுக்கு வரும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான திறப்பு. கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் குளுகுளு காற்று அந்த வழியாக வருவது. ஆனால் காற்று வருகிற அளவுக்கு மழை வருவதில்லை, ஏனென்றால் ஏறுவதற்கு அங்கே மலை இல்லை! 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் மேற்கு ஓரத்தில் உள்ள அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. கோவைக்கு ஓராண்டு முழுக்கக் கிடைப்பதைவிட அதிகம் அது.

தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் இதே காற்று இன்னும் நெருக்கிக்கொண்டு வருகிறது. முப்பந்தலில் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள் நிற்பதற்கு வேறு காரணம் வேண்டாம். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்றவர்கள் வானிலை வரைபடம் பார்த்ததில்லை. பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் மாதத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதில் ஆடி மழை என்று சொல்லாமல் ஆடிக் காற்று என்று சொன்னதையும் கவனியுங்கள். இந்தப் பக்கத்துக்கு மலை கொடுத்தது காற்றை மட்டும்தான்.

காற்று கொண்டுவராத தண்ணீரை ஆறு கொண்டுவருகிறது. தென்னிந்தியத் தீபகற்பம் கிழக்கே சரிந்திருக்கிறது. அதனால் மேற்கு மலையில் பெய்த மழையில் கணிசமான பங்கு வங்கக்கடல் நோக்கி ஓடுகிறது. கிருஷ்ணா நதி அரபிக்கடலுக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் அருகில் பிறந்து, அந்தக் கடலைத் திரும்பிப் பார்க்காமல் 1,400 கிலோமீட்டர் கிழக்கே ஓடுகிறது. குடகில் பெய்த மழை காவிரியில் புதுவெள்ளமாக வர, தன் ஊரில் மழையே இல்லாத டெல்டாக்காரர் ஆடி 18-இல் ஆற்றங்கரையில் சித்திரான்னம் சாப்பிடுகிறார். தாமிரபரணியும் இப்படித்தான்.

அந்தத் தாமிரபரணி கடலில் சேரும் பக்கத்தில்தான் தூத்துக்குடி. ஆரியங்காவில் மழையைக் கொட்டிவிட்டு, திருநெல்வேலியில் அனலாக வீசிய காற்றுக்குத் தரையில் அதுதான் கடைசிப் பகுதி. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிகள் இந்த மேற்குக் காற்று மணலை வாரிக் குவித்தவை. உப்பளங்களில் இதே காற்றுக்கு வேறு வேலை. பாத்தியில் கட்டிய கடல்நீரின் மேல் ஈரமில்லாத சூடான காற்று ஓயாமல் வீசினால் தண்ணீர் மளமளவென்று ஆவியாகும், உப்பு பூக்கும். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாடு இருக்கிறதென்றால், அதில் தூத்துக்குடிக்குத்தான் பெரிய பங்கு. அதற்கு வெயில் மட்டும் காரணமல்ல, வெயில் எல்லா ஊரிலும் அடிக்கிறது. குற்றாலத்தில் அருவி கொட்டக் காரணமான அதே மலைதான், தூத்துக்குடியில் உப்பு விளையவும் உதவுகிறது.

புரட்டாசி கழிந்தால் எல்லாம் தலைகீழாகும். சூரியன் தெற்கே நகர, ஆசிய நிலப்பரப்பு கடலைவிட வேகமாகக் குளிர, காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். இப்போது ஈரம் வங்கக்கடலிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டுக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஆனால் கடற்கரையில் மலை இல்லையே, காற்றை ஏற்றுவது யார்?

மலை ஒரு வழி, அவ்வளவே. காற்றை மேலே ஏற்றும் எதுவும் மழை தரும். சுட்ட தரை காற்றைக் கிளப்பிவிட்டால் மாலையில் இடியோடு மழை வரும். சென்னைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை கிடைப்பது பெரும்பாலும் அந்த ரகம். கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவானால், நாலாபக்கமும் இருந்து காற்று அதை நோக்கிக் குவியும். குவிந்த காற்றுக்குப் போக்கிடம் மேலே மட்டும்தான். அது ஏறி, விரிந்து, குளிர்ந்து... மீதி உங்களுக்கே தெரியும். 2023 டிசம்பரில் குமரிக்கடல் பக்கம் இருந்த ஒரு மேலடுக்குச் சுழற்சி அப்படித்தான் காற்றைக் குவித்தது. 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. அவலாஞ்சியின் 82-ஐ முந்தியது, கடலோரத்துச் சமவெளி ஊர் ஒன்று. தூத்துக்குடி உப்பளங்கள் அங்கிருந்து அதிக தூரமில்லை. ஐப்பசி நெருங்கினால் அங்கே வேலை நிற்கும். குவித்து வைத்த உப்பு அம்பாரங்களின் மேல் பனையோலை வேய்ந்து, மழைக்கு ஒதுங்கிவிடுவார்கள். திரும்பப் பாத்தி கட்டுவது தை பிறந்த பிறகுதான்.